மூன்று நாள் தின்ற வலை: மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்ட், என் அனுபவம்

பெரிய மிருகங்களை வேட்டையாடும் இந்த வீடியோ கேமில், பிட்ஃபால் டிராப் என்ற குழிப்பொறியைச் செய்யப் போனால் பட்டியலில் அது மங்கலாகவே கிடந்தது. பொறி செய்யத் தேவையான டிராப் டூல் வாங்கியாச்சு. கேப்சர் நெட்டும் ஐட்டம் வரிசையில் எப்போதும் நிற்கிறது. பிறகென்ன குறை? கேமை மூடித் திறந்தேன், மிஷனை விட்டுவிட்டுத் திரும்பவும் போனேன். ஒன்றும் நடக்கவில்லை. சரியான எரிச்சல்.

கல்லடியிலிருந்து வந்த மச்சான்தான் கண்டுபிடித்தான். "மச்சான், அது பூச்சி பிடிக்கிற வலை. பொறிக்கு வேற."

கேப்சர் நெட் வேறு, நெட் வேறு. முதலாவது சிறு உயிரினங்களைப் பிடிக்க ஸ்லிங்கரில் (கையில் கட்டியிருக்கும் கவண்) சுடுவது, தீராது. மற்றது நாமே செய்யவேண்டிய பொருள். வீச்சுவலைக்கும் தங்கூசி வலைக்கும் வித்தியாசம் தெரிந்த வாவிக்கரைக்காரன் இதில் ஏமாந்தேன்!

கேமில் வரும் ஏன்ஷியன்ட் ஃபாரஸ்ட் காட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சிலந்திவலையையும் ஐவி கொடியையும் பறித்துச் சேர்த்தேன், நெட் வந்தது. அதோடு டிராப் டூல், பொறி தயார். ஷாக் டிராப் என்ற மின்பொறிக்கு நெட் வேண்டாம், டிராப் டூலோடு தண்டர்பக் பூச்சி போதும்.

அப்புறம், மிருகம் நொண்டத் தொடங்கியதும் பொறியில் விழுத்தி, டிராங்க் பாம் என்ற மயக்கக் குண்டு இரண்டு எறிந்தேன். தூங்கிவிட்டது. எல்டர் டிராகன் வகை மிருகங்களிடம் இது பலிக்காது.