ஜப்பானுக்குப் பயிற்சி விசாவில் வந்தால் பி.ஆர். கிடைக்குமா?

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதல் கேள்வி இதுதான்: "அக்கா, டிரெய்னிங் விசாவுல வந்தா பி.ஆர். கிடைச்சிருமா?" நான் 2019 ஜூனில் கைகோ பயிற்சியாளராக நாகானோவுக்கு வந்தேன். கைகோ என்றால் முதியோர் பராமரிப்பு. பி.ஆர். என்றால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி. இன்றுவரை என் கையில் பி.ஆர். இல்லை. 2029 ஜூனில்தான் விண்ணப்பமே போட முடியும். அதுவரை கணக்கு அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் எங்களுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்த இடத்தில், பலகையில் "3 வருடப் பயிற்சி" என்று எழுதி, ஒரு அம்புக்குறி போட்டு, அந்தப் பக்கம் "பி.ஆர்." என்று எழுதினார்கள். அம்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

பி.ஆருக்கு இங்கே பொதுவாக இரண்டு கணக்கு பார்க்கிறார்கள். தொடர்ச்சியாக 10 வருடம் ஜப்பானில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் குறைந்தது 5 வருடம் வேலை விசாவில் இருந்திருக்க வேண்டும். பயிற்சி விசாவான கினோ ஜிஷ்ஷூ முதல் கணக்கில் சேரும், இரண்டாவதில் சேராது. அதற்கு அடுத்த படியான தொக்குதெய் கினோ, அதாவது குறிப்பிட்ட துறைகளில் திறன் வேலைக்கான விசா, அதன் முதல் நிலையும் அப்படியே. மூன்று வருடம் பயிற்சி, அப்புறம் தொக்குதெய் கினோவில் அதிகபட்சமாகத் தரும் ஐந்து வருடம் என எட்டு வருடம் இடுப்பொடிய வேலை பார்த்தாலும், ஐந்து வருடக் கணக்கில் உங்களுக்கு விழுவது பூஜ்யம்.

அதனால் "பி.ஆர். கிடைக்குமா" என்று ஏஜென்டிடம் கேட்காதீர்கள், கிடைக்கும் என்றுதான் சொல்வார். "ஐந்தில் சேரும் விசாவுக்கு நான் எந்த வருடம் மாறுவேன், அதற்கு என்ன தேர்வு" என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே ஆளை எடைபோட்டுவிடலாம்.

என் வழி இது. பயிற்சியை மூன்று வருடம் ஒழுங்காக முடித்தால், அதே துறையில் தொக்குதெய் கினோவுக்கு மாற மொழித் தேர்வும் வேண்டாம், திறன் தேர்வும் வேண்டாம். ஊருக்குத் திரும்பாமல் இங்கிருந்தபடியே மாறலாம். 2022-ல் அப்படித்தான் மாறினேன். பயிற்சியாளராக இருக்கும்போது நினைத்தபடி முதலாளியை மாற்ற முடியாது. தொக்குதெய் கினோவில் அதே துறைக்குள் மாறலாம். நானும் வேறு முதியோர் இல்லத்துக்கு மாறினேன்.

கட்டுமானம், உணவகம் போன்ற துறைகளில் இருப்பவர்களுக்கு அடுத்த படி தொக்குதெய் கினோ இரண்டாம் நிலை. அதற்குத் தனித் தேர்வு உண்டு. அந்த வருடங்கள் ஐந்தில் சேரும், குடும்பத்தையும் அழைத்துவரலாம். கைகோவில் இரண்டாம் நிலை என்பதே கிடையாது. அதற்குப் பதில் கைகோ ஃபுகுஷிஷி என்ற தேசியத் தேர்வை எழுதித் தேறி, "கைகோ" என்ற பெயரிலேயே இருக்கும் விசாவுக்கு மாற வேண்டும். 2017-ல் வந்த விசா அது.

பயிற்சி வருடங்கள் வீண் இல்லை என்று நான் சொல்வது இந்தத் தேர்வால்தான். எழுதுவதற்கு மூன்று வருட அனுபவம் வேண்டும், அதாவது 1,095 நாள் பணியில் இருந்து, அதில் 540 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். பி.ஆரின் ஐந்தில் சேராத பயிற்சிக் காலம் இதில் சேருகிறது. ஆனால் பழைய இல்லம் அனுபவச் சான்று எழுதித் தர வேண்டும். விலகும்போதே அதைப் பற்றிப் பேசிவிடுங்கள். முகம் சுளித்துக்கொண்டு வெளியேறினால் பின்னால் அதே வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

சான்று மட்டும் போதாது, ஜிட்சுமுஷா கென்ஷூ என்ற பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். வேறு சான்றிதழ் எதுவும் இல்லாதவர்களுக்கு 450 மணி நேரம். பெரும்பகுதி தபால் வழியில். சளி உறிஞ்சி எடுப்பது போன்ற செய்முறைக்கு மட்டும் நேரில் போய், பொம்மையின் தொண்டைக்குள் குழாய் விட்டுக் காட்ட வேண்டும். இரவுப் பணி முடித்து நேராக வகுப்புக்குப் போன நாட்களில் பொம்மையைவிட நான் அசையாமல் இருந்தேன்.

தேர்வு ஜனவரி கடைசியில், ஞாயிற்றுக்கிழமை. 125 கேள்விகள். 2023-ல் நான்கு மதிப்பெண்ணில் விட்டேன். வேலை தெரியாமல் இல்லை, சொற்கள் தெரியாமல். படுக்கைப் புண்ணை எங்கள் இல்லத்தில் எல்லோரும் தொகோசுரே என்பார்கள். கேள்வித்தாளில் ஜொகுசோ என்று இருந்தது. மூன்று வருடம் புண்ணுக்கு மருந்து போட்டவளுக்கு அதன் பெயர் தெரியவில்லை! அடுத்த வருடம் முழுக்கப் பணிக்குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் தேர்வுச் சொல்லை எழுதிப் பழகினேன். பழைய கேள்வித்தாள் ஐந்து வருடத்துக்குப் போட்டேன். கேள்வித்தாளில் கான்ஜி என்ற சித்திர எழுத்துகளுக்கு மேல் உச்சரிப்பு போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம். முதல் தடவை அதை வீறாப்பாக வேண்டாம் என்றிருந்தேன், இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். 2024 மார்ச்சில் தேறிய செய்தி வந்தது. பெயரைப் பதிவு செய்து சான்றிதழ் வாங்கி, மே மாதம் கைகோ விசா. என் ஐந்து வருடக் கணக்கு அன்றுதான் தொடங்கியது.

இனி கணக்கு அறுபடும் இடங்கள்.

என்னோடு வந்த ஒரு தோழி பயிற்சி முடிந்ததும் ஊருக்குப் போனாள். ஓய்வூதியமான நென்கினில் கட்டிய பணத்தில் ஒரு பகுதியை நாட்டை விட்டுப் போனபின் மொத்தமாகத் திரும்ப வாங்கலாம். அவளும் வாங்கினாள், வீட்டுக் கடனை அடைத்தாள். எட்டு மாதம் கழித்துத் தொக்குதெய் கினோவில் திரும்பி வந்தாள். பழைய விசா முடிந்து புதிதாக வந்ததால் அவளுடைய பத்து வருடம் அன்றிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணப்படுகிறது. பணத்தை வாங்கியது தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை, கடன் கடன்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று தெரிந்து முடிவெடுக்க வேண்டும்.

விடுமுறைக்குப் போகும்போது விமான நிலையத்தில் ஒரு சிறு சீட்டு நிரப்பச் சொல்வார்கள். "திரும்பி வருவேன்" என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். போடாமல் போனால் விசாவே போய்விடும். போட்டாலும் ஒரு வருடத்துக்குள், அதற்கு முன்பே விசா முடிந்தால் அதற்குள், திரும்ப வேண்டும். மாதக்கணக்கில் ஊரில் தங்குவதும் நல்லதில்லை.

அப்புறம் வரி. சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்வரை கவலையில்லை. வேலை மாறும் இடைவெளிதான் ஆபத்து. 2022-ல் இல்லம் மாறிய மூன்று வாரத்தில், குடியிருப்பு வரியான ஜூமின்ஸெய்யை நானே கட்டச் சொல்லித் தபால் வந்தது. ஏதோ விளம்பரம் என்று ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிட்டேன். கட்டும்போது 11 நாள் தாமதம். பி.ஆருக்கு வரி கடைசி 5 வருடமும், நென்கினும் மருத்துவக் காப்பீடும் கடைசி 2 வருடமும் பார்க்கிறார்கள். கட்டினீர்களா என்று மட்டும் இல்லை, தேதிக்குள் கட்டினீர்களா என்றும். 2029-ல் என் 11 நாள் கண்ணில் படாது, தப்பித்தேன். வேலை விட்டால் 14 நாளுக்குள் நகராட்சியில் காப்பீடும் நென்கினும் பதிவு செய்யுங்கள். குடிவரவுத் துறைக்கும் அதே 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

புதிதாக வர நினைப்பவர்களுக்கு: இந்தப் பயிற்சித் திட்டத்துக்குப் பதில் இகுசெய் ஷூரோ என்ற புதிய திட்டம் 2027 ஏப்ரலில் தொடங்குகிறது. நிபந்தனைகளோடு முதலாளியை மாற்றலாம் என்பது பெரிய மாற்றம். அதுவும் மூன்று வருடம், அதுவும் தொக்குதெய் கினோவில்தான் கொண்டுபோய் விடும்.

என்னைக் கேட்டால், பி.ஆரைவிட முக்கியமான நாள் கைகோ விசா கிடைத்த நாள். வேலை இருக்கும்வரை அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம். ஐந்து வருடம் வீடியோ காலில் மட்டும் பார்த்த கணவர், சார்ந்தோர் விசாவில் போன வருடம் வந்து சேர்ந்தார். அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வேலை பார்க்கிறார், பெந்தோ என்ற சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில்.

பி.ஆர். விண்ணப்பத்துக்கு ஒரு உத்தரவாதியும் வேண்டும், ஜப்பானியர் அல்லது பி.ஆர். உள்ளவர். எங்கள் தளத்துத் தலைவி அம்மாவிடம் இப்போதே கேட்டுவைத்திருக்கிறேன். "2029-ல் நான் ரிட்டயர் ஆகியிருப்பேன், வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொள்" என்றார். வீட்டு முகவரியைப் பணிக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அவரே எழுதித் தந்தார்.