எழுதிவைத்த சோலோவோடு மேடை ஏறாதீர்கள்

போன வாரம் ஒரு மாணவி, ஜாஸில் ஒருவர் அந்த நேரத்தில் தோன்றுவதைத் தனித்து வாசிக்கும் பகுதியான சோலோவைத் தாளில் எழுதி, ஒவ்வொரு சுரத்தின் மேலும் விரலெண் போட்டு எடுத்துவந்தாள். பல ஆண்டுகள் கிளாசிக்கல் பியானோ கற்றுவிட்டு ஜாஸுக்கு வந்தவள். நானும் அப்படி வந்தவன்தான். விரல் தவறி வேறு சுரத்தில் விழுவதைப் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அது தானாகச் சரியாகும். எங்களைப் போல வருபவர்கள் செய்யும் வேறு சில தவறுகளைத்தான் சொல்கிறேன்.

சோலோவை மனப்பாடம் செய்வது

நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. முதன்முதலில் ஒரு குழுவோடு வாசிக்க அழைத்தபோது, 32 பார் (தாள அளவு) கொண்ட பாட்டை இரண்டு முறை சுற்றிவரும் அளவுக்குச் சோலோவை எழுதி, மூன்று வாரம் சாதகம் செய்துவிட்டுப் போனேன். எனக்கு முன் வாசித்த சாக்ஸபோன் கலைஞர் மூன்றே சுரங்களில் ஒரு கேள்வியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். டிரம்மர் அதைப் பிடித்துக்கொண்டு ஸ்னேர் டிரம்மில் திருப்பிச் சொன்னார். நானோ தாளில் இருந்ததைத் தொடங்கினேன். இரண்டாம் சுற்றில் டிரம்மர் ஓசையைக் குறைத்துக்கொண்டே வந்தார். நான் எழுதிய உச்சம் அங்கேதான் இருந்தது என்பதால் ஓங்கி வாசித்தேன். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. அந்தக் குழு என்னை மறுபடி கூப்பிடவே இல்லை. ஜாஸில் வாய்ப்பு பெரும்பாலும் கூட வாசித்தவர்கள் சொல்லித்தான் வருகிறது. 'அவன் யார் வாசிப்பதையும் கேட்கமாட்டான்' என்ற பெயர் போக இரண்டு ஆண்டுகள் ஆயின.

கிளாசிக்கல் பயிற்சியின் மேல் பழி இல்லை. ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 11 வயதில் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவுடன் மோட்சார்ட் வாசித்தவர். பின்னாளில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் வாசிக்கும்போது, கச்சேரி நடுவே தவறான கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) ஒன்றை அழுத்திவிட்டார். மைல்ஸ் ஒரு கணம் நிறுத்தி, அந்தக் கார்டோடு ஒட்டிப்போகும் சுரங்களை ஊதினார். தவறு தவறாகவே ஒலிக்கவில்லை. இதை ஹான்காக்கே சொல்லியிருக்கிறார். காதைத் திறந்துவைத்திருந்தவருக்குத்தான் அது கைகூடும்.

தாளுக்குப் பதில் இதைச் செய்யுங்கள். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்று கார்டுகள் வரும்போது, ஒவ்வொன்றின் மூன்றாம், ஏழாம் சுரங்களை மட்டும் வாசியுங்கள்: எஃப்–சி, எஃப்–பி, இ–பி. ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அசையாமல் நிற்க, மற்றொன்று அரைச்சுரம் மட்டும் இறங்குகிறது. அந்த இறக்கத்தை வாய்விட்டுப் பாடிக்கொண்டே வாசியுங்கள். அது காதில் பதிந்துவிட்டால், அடுத்தவர் எங்கே இழுத்தாலும் கார்டு நழுவாது.

இடக்கையில் அடிச்சுரம்

தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பாஸ் கலைஞர் பக்கத்தில் இருந்தால் கார்டின் அடிச்சுரம் அவருடைய வேலை. அடிச்சுரத்தை விட்டுவிட்டு, ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் இடக்கையில் அடுக்கிய கார்டுகளைக் கேட்டுப் பாருங்கள்.

பெடல்

ஒலியை நீட்டிக்கும் பெடலிலிருந்து, ஸ்விங் என்ற ஜாஸ் நடையில் வாசிக்கும்போது காலைத் தள்ளியே வையுங்கள்.

மெட்ரோனோம்

தாள வேகத்துக்கு டிக் டிக் என்று ஒலிக்கும் இந்தக் கருவியை ஒரு பாரின் நான்கு அடிக்கும் ஒலிக்க விடாதீர்கள். 2, 4 என்ற அடிகளில் மட்டும் ஒலிக்கட்டும். 1, 3 உங்கள் உடம்புக்குள் இருக்கட்டும். முதல் நாள் நான்கு பாருக்குள் தடம் மாறிவிடும். நிறுத்திவிட்டு, எண்ணி, மறுபடி ஆரம்பியுங்கள்.