கதிரையில் சறுக்கிப்போகும் பிள்ளை: அளவைப் படுக்க வைத்து எடுங்கள்

புதுச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, பிள்ளை முன்னால் சறுக்கிவிடும். தூக்கி வைத்தால் மறுபடியும் அதே கதை. அப்போது எல்லாரும் செய்வது, சால்வையால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டுவது. தயவுசெய்து வேண்டாம். இடுப்பு முன்னே போகப்போக அந்தக் கட்டு கழுத்துக்கு ஏறி மூச்சை அடைக்கும்.

மூளை வாதத்தால் தானாக உட்கார முடியாத பிள்ளைகளுக்கு, அதாவது ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற உடலியக்கத் திறன் அளவுகோலில் 4, 5ஆம் நிலைகளில் உள்ளவர்களுக்கு, மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கை எழுதிக்கொடுக்கப் பழகுபவர்களுக்கானது இது. உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு இடைநிலைப் பயிற்சித் தொகுப்பைப் படித்தவர்களுக்கு முறை தெரிந்திருக்கும். கை பழகத்தான் நாள் எடுக்கும்.

முதலில் வழி

பிள்ளையைத் தொடுமுன் வீட்டை அளந்துவிடுங்கள். காம்பராக் கதவின் அகலம், இஸ்தோப்பிலிருந்து (முன் திண்ணையிலிருந்து) இறங்கும் படிகள், ரோட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் மிக ஒடுங்கிய இடம் எல்லாம் வேண்டும். "காலையில அம்மா கொழுந்துக்குப் போனா பிள்ளைய யார் தூக்குறது?" என்றும் கேளுங்கள். அப்பாயிதான் (அப்பாவின் அம்மா) என்றால், 25 கிலோ சாய்வுச் சக்கர நாற்காலி எவ்வளவு நல்லதாயிருந்தாலும் மூலையில் விறகோடு விறகாகத்தான் கிடக்கும். லயத்து வீடுகளுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, என் தெரிவு இரண்டு பொருள்: உள்ளே பிளைவூட்டில் ஒரு தாழ்ந்த மூலை இருக்கை, வெளியே பெரிய முன்சக்கரம் ஒன்று வைத்த நீள மூன்று சக்கர நாற்காலி. சின்ன முன்சக்கரங்கள் கல்லிலும் வடிகானிலும் மாட்டிக்கொள்ளும்.

அளவு நாடா

தையல் நாடா வேண்டாம். அது உடம்பின் வளைவோடு சுற்றிப்போய் 2, 3 செ.மீ. கூட்டிக் காட்டும். இடுப்பின் இரு பக்கமும் தடித்த அட்டைப் புத்தகங்களை நிமிர்த்திப் பிடித்து, நடுவிலுள்ள தூரத்தை இரும்பு நாடாவால் எடுங்கள்.

படுக்க வைத்து

புதியவர்கள் அநேகமாகத் தவறுவது இங்கேதான். உட்கார்ந்தபடி அளந்தால், ஏற்கனவே சரிந்து வளைந்த உடம்பைத்தான் அளக்கிறீர்கள்.

பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், மெத்தை உதவாது. காலைக் குளிரில் தசை இறுகியிருக்கும். வெயில் ஏறியபின் செய்யுங்கள், உங்கள் கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வேகமாக அசைத்தால் இறுக்கம் உடனே எதிர்க்கும்.

இடுப்பெலும்பின் முன்முனையில் ஒரு பெருவிரலை வையுங்கள். மறு கையால் அந்தப் பக்கத்து முழங்காலை மடக்கியபடியே தொடையை வயிற்றுப் பக்கம் மெல்லக் கொண்டுவாருங்கள். ஒரு கட்டத்தில் பெருவிரலுக்குக் கீழே எலும்பு விலாவை நோக்கி உருளத் தொடங்கும். அதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்துங்கள். அதுதான் இடுப்பு மூட்டின் உண்மையான எல்லை. தொடை அதற்கு மேலும் மடங்கும்தான், ஆனால் அது இடுப்பெலும்பு சுருளுவதால் வருவது. மூட்டு மடங்குவதால் அல்ல. இரு பக்கமும் தனித்தனியாகப் பார்த்து எழுதுங்கள்.

வலது 90 பாகை, இடது 70 பாகை என்று வைத்துக்கொள்வோம். தட்டையான இருக்கையில் நிமிர்ந்து உட்கார 90 பாகை வேண்டும், எனவே இடது பக்கம் 20 பாகை பற்றாமல் போகிறது. அந்தப் பற்றாக்குறையை இடுப்பெலும்பு பின்னால் சுருண்டு ஈடுசெய்யும், பிள்ளை சறுக்கும். எனவே இடது தொடைக்குக் கீழே ஸ்பொஞ்சைச் சரிவாக வெட்ட வேண்டும். உட்காரும் எலும்புகளுக்குக் (புட்டத்தின் அடியில் தட்டுப்படும் இரு எலும்புகள்) கீழே தட்டையாக விட்டு, அதற்கு முன்னால் உள்ள 18 செ.மீ. நீளத்தில் சரித்தால், முன் விளிம்பு சுமார் 6.5 செ.மீ. தாழும். முழு இருக்கையையும் முன்னே சரித்துவிடாதீர்கள். அந்தத் தட்டை இடம்தான் பிள்ளையை நிறுத்தி வைக்கிறது.

அடுத்து தொடையின் பின்தசை. தொடையை அதே கோணத்தில் பிடித்துக்கொண்டு முழங்காலை மெல்ல நீட்டுங்கள். பெருவிரல் மறுபடி இடுப்பின் மேல். முழங்கால் 90 பாகைக்குத் திறக்குமுன்பே எலும்பு உருண்டால், பாதம் முழங்காலுக்குப் பின்னால் வர வேண்டும். ஆஸ்பத்திரி நாற்காலிகளின் பாதத்தட்டு முன்னே தள்ளி இருக்கிறதல்லவா? அதில் கால் வைத்ததும் பின்தசை இழுபட்டு இடுப்பையும் கூடவே இழுக்கும்.

தொடையை வெளியே விரித்துப் பாருங்கள். 30 பாகை வராவிட்டாலோ, உடை மாற்றும்போது பிள்ளை வலியில் அழுதாலோ, இருக்கை எழுதுவதோடு நிற்காமல் இடுப்பு எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். பதுளையோ கண்டியோ, தூரம் பார்க்க வேண்டாம்.

உட்கார வைத்து

பெஞ்சில் உட்கார வைத்து, ஒருவர் பின்னாலிருந்து இடுப்பைக் கைகளால் தாங்கட்டும். இடுப்பு நிலைத்ததும் தலை எவ்வளவு தானாக நிமிர்கிறது என்று பார்த்தபின்தான் விலாத் தாங்கியையும் தலைத் தாங்கியையும் பற்றி யோசியுங்கள். உங்கள் கை எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தியதோ, அங்கே அவ்வளவு தாங்கி போதும்.

இருக்கையின் ஆழம்: புட்டத்தின் பின்பக்கம் முதல் முழங்கால் மடிப்பு வரை 31 செ.மீ. என்றால் 28 எழுதுங்கள். இரு காலையும் அளங்கள். இடுப்பு மூட்டு விலகிய பக்கத்தில் தொடை குட்டையாகத் தெரியும். நீண்ட பக்கத்துக்கு இருக்கை செய்தால், குட்டைப் பக்கத்தில் விளிம்பு முழங்கால் மடிப்பை முட்டி இடுப்பை முன்னே இழுத்துவிடும். அந்தப் பக்கத்தை மட்டும் குறைத்து வெட்டுங்கள்.

"வளர்ற பிள்ளைதானே" என்று அகலத்தை 6, 7 செ.மீ. கூட்டி எழுதுவது வழக்கமாகிவிட்டது. கூட்டுங்கள், ஆனால் இரு பக்கமும் கழற்றக்கூடிய திண்டு வைத்து இன்றைய அளவுக்கு நிரப்புங்கள்.

இடுப்பு வாரை முதுகுச் சட்டத்தில் பூட்டினால் வயிற்றுக்கு ஏறும். இருக்கைச் சட்டத்தில், இருக்கைத் தளத்துக்கு 45 முதல் 60 பாகைக் கோணத்தில் பூட்டுங்கள்.

பொருத்திய பின்

உட்காரும் எலும்புக்குக் கீழே விரல் நுனிகளை நுழையுங்கள். விரல் 5 மி.மீ. மேலும் கீழும் அசைந்தால் சரி. அசையாமல், ஆனால் சுலபமாக உருவ முடிந்தால் கவனம். விரல் நசுங்கி மாட்டிக்கொண்டால் அந்த ஸ்பொஞ்ச் ஆகாது. அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு தோலைப் பாருங்கள். சிவப்பு தங்கி நின்றால் மாற்ற வேண்டும்.

பிறகு சேர்த்தது

ஸ்பொஞ்ச் மூன்று மாதத்தில் நாறுகிறது என்று பலர் கேட்டதால்: நுவரெலியா 1868 மீற்றர் உயரம், தென்மேல் பருவமழையில் எதுவும் காயாது. அடிப்பகுதிக்கு ரப்பர் செருப்பின் அடி போன்ற ஈ.வி.ஏ.யும், மேலே 2, 3 செ.மீ. மட்டும் மென்ஸ்பொஞ்சும் வையுங்கள். மேல் அடுக்குக்கு இரண்டு உறை, ஒன்று காயும்போது ஒன்று. அடுப்புக்கு மேலே உலர்த்தினால் ஸ்பொஞ்ச் பொடிந்துவிடும். மாவுப் பசையில் ஒட்டிச் செய்யும் அட்டைக் கதிரை மலிவுதான், ஆனால் இந்த ஈரத்தில் வார்னிஷ் பூசாமல் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று இறக்கம். பிள்ளையின் முகம் மேட்டைப் பார்த்திருக்க, நாற்காலியின் பள்ளப் பக்கத்தில் நின்று பிடித்தபடி நீங்கள் பின்னோக்கி இறங்க வேண்டும். பொருத்திக் கொடுக்கும் நாளிலேயே, அப்பாயியையும் கூட்டிக்கொண்டு அந்தப் பாதையில் ஒரு தரம் இறக்கிப் பாருங்கள்.