தொழிற்சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குப் போகும் சங்கத்துக்காரருக்கு

முதல் கூட்டத்திலேயே ஒரு தாளை நீட்டுவார்கள். "பாதுகாப்பு நம் எல்லோருடைய பொறுப்பு" என்று இருக்கும். நானும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். எல்லோருடைய பொறுப்பு என்றால் விபத்து நடந்த அன்று அது அடிபட்டவன் தலையில்தான் விடியும் என்பது பிறகுதான் புரிந்தது.

தகட்டை மிஷினால் அழுத்தி வேலை செய்யும் எங்கள் பிரஸ் ஷாப்பில் ஒரு பையனுக்கு இரண்டு விரல் போனது. அறிக்கையில் காரணம், "தொழிலாளியின் கவனக்குறைவு". அது பழைய மிஷின். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். ஒரு பொத்தான் அழுந்தியே இருக்கும்படி அதில் மரச்சக்கை செருகியிருந்தது. செருகியவன் அவன்தான், மறுக்கவில்லை. ஆனால் மணிக்கு இத்தனை பீஸ் என்று நிர்வாகம் வைத்த கணக்கு இரண்டு கையால் அழுத்தினால் எட்டாது. அந்தச் சக்கையைச் சூப்பர்வைசர் தினமும் பார்த்துக்கொண்டுதான் போனார். நானும் பார்த்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் விபத்து அறிக்கையில் "கவனக்குறைவு" என்று பார்த்தால் அங்கேயே நிற்காதீர்கள். ஏன் செருகினான், பீஸ் கணக்கு யார் போட்டது, சக்கையைப் பார்த்தவர் ஏன் மிஷினை நிறுத்தவில்லை என்று, முடிவெடுத்த ஆள் வரும்வரை கேளுங்கள். அதுவரை கையெழுத்து வேண்டாம்.

கூட்டத்துக்கு முன்னால் ஷாப்பைச் சுற்றி வாருங்கள், முடிந்தால் இரவு ஷிப்டில். "ஏதாவது குறை இருக்கா?" என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "எந்த இடத்தில் கை வைக்கப் பயமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.

எழுதும்போது "மிஷின் சரியில்லை" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. மூன்றாம் நம்பர் பிரஸ், வலது பொத்தான், ஒரு கையாலேயே இறங்குகிறது, பார்த்த தேதி, ஷிப்ட் என்று எழுதுங்கள். மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், "பரிசீலிக்கப்படும்" என்ற சொல்லை ஏற்கவே ஏற்காதீர்கள். யார், எந்தத் தேதிக்குள் செய்வார் என்று கேளுங்கள். நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

நிர்வாகம் முதலில் கையுறை தருகிறேன் என்று சொல்லும். கையுறை கடைசிப் படி. ஆபத்தையே எடுக்க முடியுமா, மாற்று வழி உண்டா, மறைப்போ கன்ட்ரோலோ போடலாமா, வேலை முறையை மாற்றலாமா என்று பார்த்தபிறகுதான் அது. சுழலும் டிரில்லுக்குப் பக்கத்தில் கையுறை கையையே உள்ளே இழுத்துவிடும்.

அடுத்து அபாயப் படி, அதாவது ஆபத்தான வேலைக்கென்று தரும் கூடுதல் பணம். அதை ஒருமுறை வாங்கிக்கொண்டால் அந்த மிஷின் அப்படியே இருக்கும். எங்கள் சங்கமே முன்பு வாங்கியது. சம்பளப் பேச்சில் பாதுகாப்பைக் கலக்காதீர்கள்.

பேசும்போது கையில் ஏதாவது வேண்டுமே. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆம் உடன்படிக்கையைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். அது சொல்வது இதுதான்: பணியிடத்தையும் மிஷினையும் முடிந்தவரை ஆபத்தில்லாமல் வைப்பது முதலாளியின் கடமை. பாதுகாப்புக்கான செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. உடனடியான, கடுமையான ஆபத்து என்று நியாயமாக நம்பி விலகி நின்றவரைப் பழிவாங்கக் கூடாது. 2022-இல் அந்த அமைப்பு பாதுகாப்பான பணிச்சூழலையும் வேலையிடத்து அடிப்படை உரிமைகளில் சேர்த்துவிட்டது. உங்கள் நாடு 155-ஐ ஏற்றிருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, நம் ஆட்களிடமும் பேச வேண்டும். சக்கை செருகுகிறவன் நம் சங்க உறுப்பினர்தான். ஃபோர்மேனிடம் போட்டுக்கொடுக்க வேண்டாம். பக்கத்தில் நின்று சொல்லுங்கள், பீஸ் கணக்கைக் குறைக்கச் சங்கம் பேசும் என்றும் சொல்லுங்கள். அப்போதுதான் சக்கையை எடுப்பான்.

ஒரு பொத்தானைக் கட்டி வைத்தால் ஓடவே ஓடாத கன்ட்ரோல் எங்கள் பிரஸ்ஸுக்கு வர ஏழு கூட்டம் ஆனது. ஏழிலும் பழைய மினிட்ஸின் அதே வரியைத்தான் படித்தேன். ஐந்தாவது கூட்டத்தில் மேனேஜர் சிரித்தார்.