கருப்பு கவுனி அரிசி முதல் முறை வாங்குகிறீர்களா?

ஆசைப்பட்டு ஒரு கிலோ வாங்கிவிடாதீர்கள், முதலில் கால் கிலோ போதும். பொன்னி அரிசி மாதிரி அரை மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் போட்டால் இது வேகாது. நான் அப்படித்தான் செய்தேன். ஐந்து விசிலுக்குப் பிறகும் பல்லில் நறநறவென்று கடிபட்டது.

முந்தின இரவே ஒருமுறை கழுவி ஊறவைத்துவிடுங்கள், எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். காலையில் தண்ணீர் நாவல்பழச் சாறு போல இருக்கும். சாயம் என்று பயந்து கொட்ட வேண்டாம், அது அரிசித் தோலின் இயற்கை நிறம். அந்தத் தண்ணீரையும் சேர்த்து, ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் கணக்கில் வைத்து, அடுப்பைக் குறைத்து ஏழெட்டு விசில் விடுங்கள். ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் கெட்டியாக இருந்தால் இன்னும் இரண்டு விசில்.

செட்டிநாட்டுப் பக்குவத்தில் இனிப்பாகச் செய்வதென்றால் அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும். அப்புறம் தேங்காய்த் துருவல், நெய், ஏலக்காய். தேங்காயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

வெள்ளைத் துணி விரித்த மேசையில் பரிமாறாதீர்கள், கறை லேசில் போகாது.