பழைய பெரிய செடான் ஒண்ணு வாங்கி டெய்லி ஓட்டணும்னு ஆசைப்படறவங்களுக்கு

ஒரு காலத்துல முதலாளிங்க மட்டும் பின் சீட்டுல சாய்ஞ்சு போன கார், இன்னிக்கு சின்ன புது ஹேட்ச்பேக் விலைக்கும் கீழ கிடைக்குதுன்னா காருக்கு மட்டும்தான் விலை இறங்கியிருக்கு, அதோட பார்ட்ஸுக்கு இறங்கல. கார் கிழடாயிடுச்சேன்னு பாவம் பாத்து யாரும் பில்லைக் குறைக்க மாட்டாங்க. அதனால கையில இருக்கறத மொத்தமா கார்லயே கொட்டாதீங்க, மூணுல ரெண்டு பங்கு காருக்கு, மீதி ஒரு பங்கை தனியா எடுத்து வெச்சிடுங்க, அது முதல் வருஷத்துலயே காலியாகும்.

எந்த கார்? டெய்லி ஓட்டறதுக்குன்னா என் கட்சி ரொம்ப சிம்பிள், அந்த மாடல்லயே போரான எஞ்சின், குறைஞ்ச பட்டன். வி12, அதாவது பன்னெண்டு சிலிண்டர் எஞ்சின், வேணாம், ஸ்பிரிங்குக்கு பதிலா காத்துப்பை வெச்ச ஏர் சஸ்பென்ஷன் வேணாம். 1984ல வந்த மெர்சிடிஸ் டபிள்யூ124 இன்னும் நல்ல சாய்ஸ், ஆனா 1992ல இருந்து 95 வரைக்கும் வந்த பெட்ரோல் வண்டிகள்ல எஞ்சின் வயரிங் இன்சுலேஷன் சுண்ணாம்பு மாதிரி உதிரும், மாத்திட்டாங்களான்னு பில்லோட கேளுங்க. லெக்சஸ் எல்எஸ்400, 1989ல வந்தது, 4 லிட்டர் வி8, எஞ்சின் அவ்ளோ சீக்கிரம் சாகாது. பவர் ஸ்டீயரிங் பம்ப் கசிஞ்சு நேரா ஆல்டர்னேட்டர் மேல சொட்டும், ஸ்டார்ட்டர் மோட்டார் வேற எஞ்சினுக்கு காத்து போற இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கு, அத மாத்தணும்னா லேபர் சார்ஜ் பார்ட் விலைய தாண்டிடும். பிஎம்டபிள்யூ ஈ39, 1995ல இருந்து 2003 வரைக்கும், மூணுலயும் ஓட்ட சுகம்னா இதுதான், சிக்ஸ் சிலிண்டரே போதும். கூலிங் சிஸ்டம்தான் இதோட வீக் பாயின்ட், கூலன்ட் நிக்கற எக்ஸ்பேன்ஷன் டேங்க், தெர்மோஸ்டாட் ஹவுசிங்னு எல்லாம் பிளாஸ்டிக், சூடு பட்டு பட்டு ஒருநாள் விண்டுபோகும். ரெக்கார்டு இல்லன்னா வாங்கின உடனே வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டேங்க், ஹோஸ் எல்லாத்தையும் ஒரே தடவையில மாத்திடணும். இதுல கூத்து என்னன்னா டெம்பரேச்சர் முள்ளை அசையாம நிக்கற மாதிரி டியூன் பண்ணி வெச்சிருக்காங்க, கொஞ்சம் சூடு ஏறினாலும் அது நடுவுலயே நிக்கும், அது நகர்றத நீங்க பாக்கறப்போ பாதி கதை முடிஞ்சிருக்கும்.

அழகுக்கு மயங்கறவங்க ஜாகுவார் எக்ஸ்ஜே8 பக்கம் போவாங்க, நானும் ரெண்டு தடவை போய் பாத்துட்டு வந்தேன். 1997ல வந்த அந்த வி8ல ஆரம்ப வருஷத்து வண்டிகள்ல எஞ்சினுக்கு உள்ள ஓடற டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் பிளாஸ்டிக், அது உடைஞ்சா எஞ்சினுக்கே ஆபத்து. மாத்தினதுக்கு பேப்பர் இருந்தா பேசுங்க, இல்லன்னா போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க.

இப்ப பாக்கப் போறது எப்படின்னு வருவோம். காலையில வரேன், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம வைங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் பேச்சு எல்லாம் அப்புறம், மொதல்ல பானெட் மேல கைய வைங்க, சூடா இருந்தா ஏதோ ஒண்ண மறைக்க ஏற்கனவே ஓட்டி வெச்சிருக்காங்கன்னு சந்தேகப்படலாம். எனக்கு அப்படித்தான் ஆச்சு. முதல் கார் வாங்கறப்போ பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னுச்சு, எஞ்சின் இளஞ்சூடா இருந்துச்சு, இப்பதான் வாஷ் பண்ண கொண்டு போனேன்னு ஓனர் சொன்னதும் நானும் தலையாட்டிட்டேன், மூணாவது வாரம் காலையில ஸ்டார்ட் பண்ணா தகர டப்பாவுல ஆணி போட்டு குலுக்கின மாதிரி ஒரு சத்தம், சூடானதும் மாயமா போயிடும், டைமிங் செயினை மாத்தினப்போதான் அந்த வாஷ் கதை புரிஞ்சுது.

சாவிய திருப்ப ஒரு ஆள விட்டுட்டு நீங்க சைலன்சர் பக்கத்துல நில்லுங்க. நீலப் புகை ஒரு தடவை புஸ்ஸுனு வந்து நின்னா பெரும்பாலும் ஆயிலை எஞ்சினுக்குள்ள கசிய விடாம தடுக்கற வால்வு சீல் தேஞ்சிருக்கும், அத வெச்சு விலை பேசலாம். வெள்ளைப் புகை குளிர்ல கொஞ்ச நேரம் வரும், அது வெறும் ஆவி, ஆனா எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியா, இனிப்பு வாசனையோட வந்தா கூலன்ட் எரியுது, ஹெட் கேஸ்கெட் வேலை இருக்குன்னு அர்த்தம். டபிள்யூ124ல ஆயில் பிரஷர் மீட்டரே இருக்கு, சூடான எஞ்சின் ஐடில்ல நிக்கறப்போ முள் இறங்கலாம், ஆக்சிலரேட்டர் மிதிச்சதும் டக்குனு 3க்கு ஏறணும், சோம்பலா ஏறினா யோசிங்க.

அடுத்து ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பிரேக்க மிதிச்சுகிட்டு பி-ல (பார்க்) இருந்து ஆர் (ரிவர்ஸ்), அப்புறம் டி (டிரைவ்) போடுங்க, ரெண்டு மூணு செகண்ட் யோசிச்சு தடால்னு விழுந்தா நல்லதில்ல. ஓட்டறப்போ கியர் மாறுற நேரத்துல வேகம் ஏறாம ஆர்பிஎம் மட்டும் எகிறுதான்னு பாருங்க. 90கள் கடைசியில வந்த சில ஆட்டோமேட்டிக் பெட்டிகள லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்னு சொல்லி ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக்கே குடுக்காம வித்தாங்க. யாரோட லைஃப்னு அப்ப யாரும் கேக்கல. ஆயில் மாத்தினதுக்கு பில் இருந்தா அந்த ஓனர் மேல எனக்கு தனி மரியாதை வந்துடும்.

ஏசிய சும்மா ஆன் பண்ணி ஜில்லுனு இருக்குன்னு விடாதீங்க. ஃபுல்லா போட்டு இருபது நிமிஷம் நின்ன இடத்துலயே ஓடட்டும், ஏசியும் கூலிங் ஃபேனும் ஒண்ணா டெஸ்ட் ஆயிடும். கேஸ் மட்டும் அடிச்சா சரியாயிடும்னு ஓனர் சொன்னா, அந்த கேஸை அவரையே போட்டுக் காட்ட சொல்லுங்க, ஏன்னா டபிள்யூ124ல காத்த ஜில்லுனு ஆக்கற எவாப்பரேட்டர் ஓட்டையா இருந்தா டேஷ்போர்டு முழுசா கழட்டணும், காசு ஒரு பக்கம், திரும்ப மாட்டின பிறகு வர்ற கிரீச் கிரீச் சத்தம் ஒரு பக்கம்.

துருவுக்கு லிஃப்ட்ல ஏத்தி பாக்கறத விட்டா வேற வழி இல்ல. ஜாக்கி வைக்கற இடம், வீல் ஆர்ச் ஓரம், பின் கண்ணாடிக்கு கீழ. அப்புறம் உள்ள கால் வைக்கற இடத்து கார்ப்பெட்டுக்கு அடியில விரல விட்டு பாருங்க, ஈரமா இருந்தா தண்ணி எங்கயோ இறங்குது, அந்த காலத்து பெரிய கார்கள்ல எலக்ட்ரானிக் பெட்டிங்க சிலது அங்கதான் உக்காந்திருக்கும். எஞ்சினை ரிப்பேர் பண்ணிடலாம், துரு பிடிச்ச பாடிய விட்டுடுங்க, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல.

டயர் பக்கவாட்டுல டாட் நம்பர் இருக்கும், கடைசி நாலு எண், 2319னா 2019ம் வருஷம் 23வது வாரத்துல செஞ்சது. டயர் மேல இருக்கற பட்டன் தேயாம நல்லாதான் இருக்கேன்னு ஏமாறாதீங்க, ஓடாம நின்ன கார்ல டயர் தேயாது, காஞ்சு வெடிக்கும். கிலோமீட்டர் கம்மின்னு கூவி விக்கற கார விட, ஒழுங்கா ஓடி ஒழுங்கா சர்வீஸ் ஆன கார்தான் டெய்லிக்கு நல்லது. பல வருஷம் நின்ன கார்ல சீல், ஹோஸ், பிரேக் காலிப்பர்னு ஒவ்வொண்ணா கிளம்பும்.

பில் கட்டை வாங்கி தேதியும் கிலோமீட்டரும் வரிசையா ஏறுதான்னு மட்டும் பாருங்க, நடுவுல திடீர்னு குறைஞ்சா மீட்டர திருப்பியிருக்காங்க. ஸ்கேன் பண்ணணும்னா இந்த வயசு கார்ல சிலதுல பானெட்டுக்கு அடியில ரவுண்டு கனெக்டர் இருக்கும், அதுக்கு ஆன்லைன்ல வாங்கின ப்ளூடூத் டாங்கிள் ஆகாது, அந்த பிராண்ட்லயே ஊறின மெக்கானிக்க பிடிங்க. அவர கார் வாங்கறதுக்கு முன்னாடியே தேடி வெச்சுக்கணும், வாங்கின பிறகு தேடினா லேட்டு.

வாங்கின முதல் வாரமே எல்லா ஆயிலும், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட், பெல்ட், ஃபில்டர், பேட்டரி. போன ஓனர் மாத்தினேன்னு சத்தியம் பண்ணாலும் சரி. முதல் மூணு மாசம் ஆபீஸ் போக வேற ஒரு வழியும் வெச்சுக்கங்க.

சாவி கைமாறுறப்போ ரெண்டாவது சாவி, ரேடியோ கோடு எழுதின அட்டை, வீலை திருடாம இருக்க போடற லாக் நட்டை கழட்டற சாக்கெட், மூணையும் கேட்டு வாங்கிடுங்க. நான் அந்த சாக்கெட்ட கேக்க மறந்துட்டேன், முதல் பஞ்சர் அன்னிக்கு கொட்டற மழையில ஸ்டெப்னிய கையில வெச்சுகிட்டு ஒத்த நட்ட பாத்துட்டே நின்னேன்.