மெயின் பிராஞ்சுக்குப் பூட்டு போட்டாச்சா? சாவி எங்கே என்று பாருங்கள்

கோட் சேமித்துப் பகிரும் கிட்ஹப்பில், மெயின் பிராஞ்சுக்கு (கோடின் முதன்மைப் பிரதிக்கு) ஒரு பிராஞ்ச் விதி போட்டு, டெஸ்ட் பாஸ் ஆனால்தான் மெர்ஜ் (மாற்றத்தை அதில் சேர்ப்பது) என்று வைப்பது ஐந்து நிமிட வேலை. தலைவலி அதற்குப் பிறகுதான்.

விதி ஒரு செக்கை (தானாக ஓடும் ஒரு சோதனையை) அடையாளம் காண்பது அதன் பெயரை வைத்து. நோட்.ஜேஎஸ் 20, 22 என்று மேட்ரிக்ஸில் (ஒரே டெஸ்டைப் பல பதிப்புகளில்) ஓட்டினால் பதிப்பு எண்ணும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். பின்னாளில் 20ஐ நீக்கினால், இனி வரவே வராத செக்குக்காகப் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை மெர்ஜ் செய்யக் கேட்கும் கோரிக்கை) காத்துக் கிடக்கும்.

இதற்கு நல்ல வழி, வொர்க்ஃப்ளோவில் (தானாக ஓடும் வேலைத்தொடரில்) மற்ற எல்லா ஜாபுகளையும் ‘நீட்ஸ்’ (முதலில் முடிய வேண்டியவை) பட்டியலில் வைத்துக் கடைசியாக ஒரே ஒரு ஜாப் எழுதி, அதை மட்டும் கட்டாயமாக்குவது. ஆனால் இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். முந்தைய ஜாப் தோற்றால் இந்தக் கடைசி ஜாப் ஓடாமல் ‘ஸ்கிப்’ ஆகும். ஸ்கிப் ஆன ஜாபைக் கிட்ஹப் வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும். டெஸ்ட் ஊத்திக்கொண்டாலும் மெர்ஜ் பட்டன் பச்சையாகச் சிரிக்கும்! எனவே அந்த ஜாபின் ‘இஃப்’ வரியில் ‘ஆல்வேஸ்’ போடுங்கள்; முந்தையவை தோற்றாலும் அது ஓடும். உள்ளே ஒவ்வொரு ஜாபின் முடிவையும் பார்த்து, ஏதாவது தோற்றிருந்தாலோ ரத்தாகியிருந்தாலோ ‘எக்ஸிட் 1’ கொடுத்து இந்த ஜாபையும் தோற்கவிடுங்கள்.

‘பாத்ஸ்’ ஃபில்டரால் (குறிப்பிட்ட ஃபைல்கள் மாறினால் மட்டும் ஓடு என்பது) முழு வொர்க்ஃப்ளோவே ஓடாமல் போனால் கதை நேர்மாறு: செக் ‘பெண்டிங்’கிலேயே நின்று மெர்ஜைத் தடுக்கும். கட்டாய செக் உள்ள வொர்க்ஃப்ளோவில் அந்த ஃபில்டர் வேண்டாம்.

அட்மின்களுக்கும் விதி பொருந்த வேண்டுமா? பழைய வகை பிராஞ்ச் விதியில் அதற்குத் தனி டிக் உண்டு. சும்மா விட்டால் அவர்கள் தாண்டிப் போகலாம்.